சிறைவாயிலும் வாக்குச்சாவடியும்

கம்பம் பள்ளத்தாக்கின் வாக்காளருக்கு விந்தையானதோர் அனுபவம் வாய்த்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் எழுதப்படும் தீர்ப்புகளின் அலை, எப்படியோ ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வந்து, தேனி, பெரியகுளம், போடி, கம்பம் என ஊர் ஊராக மோதிவிட்டுத்தான் ஓய்கிறது. வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று கேட்டு நிற்கும் உழவனிடம், இன்னார் உள்ளே போனார், இன்னார் வெளியே வந்தார், ஆகவே உன் வாக்கை இப்படிப் போடு என்று கூறப்படுகிறது. ஒரு முறையல்ல, இரு முறையல்ல. கால் நூற்றாண்டாக இதே கதை!

எண்ணிப் பாருங்கள். 2001 செப்டம்பர் 21ஆம் நாள், ஜெயலலிதா அம்மையார் முதலமைச்சராகப் பதவியேற்றது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றே முதலமைச்சராக அமர்த்தப்பட்டவர் பெரியகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். சில மாதங்களில் டான்சி வழக்கில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற அம்மையார், மீண்டும் சட்டமன்றம் புக ஒரு தொகுதி வேண்டியிருந்தது. ஆண்டிபட்டியின் உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகினார். 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது, அம்மையார் வென்றார், மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். 2014 செப்டம்பர் 27இல் பெங்களூர் தனி நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் அவருக்குத் தண்டனை விதித்தது. இரண்டே நாளில் அதே பன்னீர்செல்வம், இம்முறை போடிநாயக்கனூர்த் தொகுதியின் உறுப்பினராக, முதல்வர் பொறுப்பேற்றார். நீதிமன்றப் படிக்கட்டுக்கும் கோட்டைப் படிக்கட்டுக்கும் இடையே தேனி மாவட்டமே நடைபாலமாக அமைந்தது என்றால் அது மிகையாகாது.

அந்தப் பாலத்தின்மீது நடந்து வந்த மற்றொருவரின் அரசியல் வாழ்வை இன்று எடுத்துக்கொள்கிறோம். அவர் டி.டி.வி. தினகரன். அவரைப் போற்றிப் பாடவோ தூற்றித் திரியவோ இதை எழுதவில்லை. ஒரு கைது ஓர் அரசியல்வாதியின் பயணத்தை எவ்வாறு தடம் புரட்டுகிறது, புரண்ட வண்டியின் அடியில் இறுதியில் நசுங்குவோர் யார் என்பதை நாட்டு மக்கள் நிதானமாக ஆராய்ந்திட வேண்டும் என்பதே நமது விழைவு.

1999ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், பெரியகுளம் தொகுதியில் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக வந்து இறங்கினார் தினகரன். சோழ மண்டலத்துத் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர், பள்ளத்தாக்குக்குப் புதியவர். அந்நாளில் பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஓ. பன்னீர்செல்வம். அந்தத் தேர்தலில் வேரூன்றிய அறிமுகமே பன்னீர்செல்வத்தின் பிற்கால உயர்வுக்கு வழி வகுத்தது என்று அரசியல் வட்டாரங்களில் பரவலாகக் கூறப்படுவதுண்டு. தினகரன் வென்றார், ஐந்தாண்டுக் காலம் பெரியகுளத்தின் உறுப்பினராக மக்களவையில் அமர்ந்தார். 2004இல் அதே தொகுதி அவரைக் கைவிட்டு, காங்கிரஸ் வேட்பாளர் ஜே.எம். ஆரூணைத் தேர்ந்தெடுத்தது. கட்சி அவரைக் கைவிடவில்லை; மாநிலங்களவைக்கு அனுப்பியது. 2010 வரை அங்கிருந்தார். 2011 டிசம்பரில் சசிகலா குடும்பத்தினரோடு சேர்த்து அவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அத்தோடு முடிந்தது என்று எண்ணினர் பலர்.

முடியவில்லை. 2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா அம்மையார் மறைந்தார். 2017 பிப்ரவரி 14இல், சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூர்த் தனி நீதிமன்றத்தின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சசிகலா சிறைபுகுமுன், தினகரனை மீண்டும் கட்சியில் சேர்த்து, துணைப் பொதுச் செயலாளர் ஆக்கினார். இங்கே சற்று நின்று கவனித்தல் வேண்டும். 1990களின் நடுவில் தொடங்கிய வழக்கு அது. 2017இல்தான் இறுதித் தீர்ப்பைக் கண்டது. அதற்குள் முதற் குற்றவாளியாகக் குறிக்கப்பெற்றவர் மறைந்தேவிட்டார்! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பன்முறை முதல்வரானார். பலகோடி மக்கள் அவருக்கு வாக்களித்தனர். நீதிமன்றம் இறுதிச் சொல் சொல்லும் நாளில் அதைக் கேட்க அவர் இல்லை. இந்தத் தாமதத்தின் கருவில்தான் தினகரனின் இரண்டாம் அரசியல் பிறவி உண்டாயிற்று.

அம்மையார் மறைவால் காலியான இராதாகிருட்டிணன் நகர் தொகுதிக்கு 2017 ஏப்ரல் 12ஆம் நாள் இடைத்தேர்தல் என்று அறிவிக்கப்பட்டது. கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் தினகரன். மறு பக்கம், பதவி இழந்து போர்க்கொடி தூக்கிய பன்னீர்செல்வம் அணியினர். பெரியகுளத்தில் கைகோத்தவர்கள் வடசென்னையில் எதிரெதிரே நின்றனர். இரு தரப்பும் இரட்டை இலையைக் கேட்கவே, மார்ச்சு மாதத்தில் தேர்தல் ஆணையம் அந்தச் சின்னத்தை முடக்கி வைத்தது. தினகரனுக்குத் தொப்பிச் சின்னம் கிடைத்தது. தொப்பி அணிந்த தொண்டர்கள் தெருத்தெருவாகச் சென்றனர். தொப்பியோடு பணமும் சென்றது என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஏப்ரல் 7இல் அமைச்சர் ஒருவர் வீடு உள்ளிட்ட பல இடங்களில் வருமானவரித் துறையினர் சோதனையிட்டனர். 89 கோடி ரூபாய் பங்கீட்டைக் குறிக்கும் பட்டியல் சிக்கியதாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் இரவு, தேர்தலையே ரத்து செய்தது ஆணையம்.

அடுத்து வந்தது இடி. இரட்டை இலைச் சின்னத்தைப் பெறுவதற்காகத் தேர்தல் ஆணைய அதிகாரிகளுக்குக் கையூட்டு கொடுக்க முயன்றதாகக் கூறி, சுகேஷ் சந்திரசேகர் என்ற இடைத்தரகரை டெல்லி விடுதி ஒன்றில் காவல்துறை பிடித்தது. அவரிடம் 1 கோடியே 30 இலட்சம் ரூபாய் இருந்ததாகவும், பேரம் 50 கோடி என்றும் காவல்துறை கூறியது. தினகரன் குற்றச்சாட்டை மறுத்தார். ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, நேற்றுவரை அவரை வணங்கி நின்ற அமைச்சர்களே, அவரையும் அவர் குடும்பத்தையும் ஒதுக்கிவைப்பதாக அறிவித்தனர். நான்கு நாள் விசாரணைக்குப் பின், ஏப்ரல் 25ஆம் நாள் இரவு டெல்லிக் காவல்துறை தினகரனைக் கைது செய்தது. மறுநாள் காலையிலேயே கட்சித் தலைமை நிலையத்தின் வாயிலில் இருந்த சசிகலா படங்கள் அகற்றப்பட்டன. நீதிமன்றம் ஒரு சொல்லும் சொல்லவில்லை; ஆனால் தண்டனை நிறைவேற்றப்பட்டாயிற்று! கைவிலங்கின் ஓசை கேட்டதுமே சுவர்ப்படங்கள் இறங்கிய அந்த விரைவு இருக்கிறதே, அதுதான் நம் அரசியலின் நாடித்துடிப்பு.

ஆனால், அடித்த அடியில் வீழ்ந்தாரா அவர்? ஜூன் 1ஆம் நாள் டெல்லி தனி நீதிமன்றம் பிணை வழங்கியது. ஜூலையில் தாக்கலான முதற் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. நவம்பர் 23இல் இரட்டை இலை, எடப்பாடி பழனிசாமி, பன்னீர்செல்வம் ஆகியோரின் ஒன்றிணைந்த அணிக்கே தரப்பட்டது. டிசம்பர் 21இல் இராதாகிருட்டிணன் நகர் வாக்குப்பதிவு. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தினகரன் பெயரைச் சேர்த்து கூடுதல் குற்றப்பத்திரிகையைக் காவல்துறை தாக்கல் செய்தது. அந்தத் தொகுதியின் மக்கள் செய்ததென்ன? சுயேச்சையாக, குக்கர் சின்னத்தில் நின்ற அவருக்கு 89,013 வாக்குகளைக் கொடுத்து, இரட்டை இலையை 40,707 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தனர்! எட்டு மாதங்களுக்கு முன் கைதானவர், மாலையோடு கோட்டைக்குள் நுழைந்தார். பிரசாரத்தைத் தடம்புரட்டிய கைதே, அடுத்த பிரசாரத்தின் எரிபொருளாகிவிட்டது என்று கூறுவோரும் உண்டு. பணமே வென்றது என்று கூறுவோரும் உண்டு. எதுவாயினும், அந்தத் தேர்தல் கையூட்டு வழக்கின் உண்மை பொய்யை முடிவுகட்டியது என்று எவரும் கூறிட முடியாது.

இங்கேதான் நாம் கூறவேண்டிய கருத்து பிறக்கிறது. கைது என்பது விசாரணையின் தொடக்கம். அது தீர்ப்பாகாது. ஆனால், தீர்ப்பு ஆண்டுக்கணக்கில் வராதபோது கைதே தீர்ப்பின் நாற்காலியில் ஏறி அமர்ந்துகொள்கிறது. பகைவன் அதைக் காட்டி, குற்றவாளி என்கிறான். நண்பன் அதையே காட்டி, தியாகி என்கிறான். இரண்டுக்கும் சான்று ஒன்றே, காவல்துறையின் ஊர்தியில் ஏறியது! நீதிமன்றம் செய்யவேண்டிய வேலை வாக்குச்சாவடியின் தலையில் சுமத்தப்படுகிறது. வாக்குச்சாவடி செய்யவேண்டிய வேலையை எவருமே செய்வதில்லை.

அந்த வேலை என்ன? மக்களுக்காகப் பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. அது தவறிப்போனால் விளையும் கேட்டுக்குப் பள்ளத்தாக்கைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தினகரனை ஆதரித்த 18 சட்டமன்ற உறுப்பினர்களை 2017 செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அவர்களுள் ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வன் ஒருவர். பெரியகுளத்தின் கதிர்காமு மற்றொருவர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். அக்டோபர் 25இல் மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தலோ 2019 ஏப்ரல் 18இல்தான் நடந்தது. ஆக, தேனி மாவட்டத்தின் 4 சட்டமன்றத் தொகுதிகளில் 2 தொகுதிகள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக உறுப்பினரே இன்றிக் கிடந்தன. காலியான இடத்தை 6 மாதத்துக்குள் நிரப்பவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்கிறது, தொகுதி காத்துக் கிடந்தது!

காத்துக் கிடந்த காலம் அமைதியான காலமா? 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அணையின்மீது பழி சுமத்தப்பட்டது. நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைக்குமாறு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. 1895ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் வைகைக்குக் கீழே மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் வாழ்கின்றன. 2011 டிசம்பரில், அணைக்கு ஆபத்து என்று கேட்டதும் கூடலூரிலும் கம்பத்திலும் ஆயிரமாயிரமாய்த் திரண்டு குமுளி நோக்கி நடந்தார்களே, அவர்கள் எந்தக் கட்சி என்று எவரும் கேட்கவில்லை. 2014 மே 7இல் அரசியல் சட்ட அமர்வு 142 அடி உரிமையை நிலைநாட்டியது. அந்த உரிமை மீண்டும் கேள்விக்குள்ளான வேளையில், பள்ளத்தாக்கின் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டிய நான்கு பேரில் இருவருக்கு இருக்கையே இல்லை!

சக்கம்பட்டியில் தறியோட்டும் நெசவாளிக்கும், வைகை அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மழையை எதிர்பார்த்து வானம் பார்க்கும் ஆண்டிபட்டி வட்டத்துப் புன்செய் உழவனுக்கும், வருசநாட்டு மலையடிவாரத்துச் சிற்றூரானுக்கும் அந்த நாட்களில் மனு எழுத ஆள் உண்டு. மனுவை மன்றத்தில் படிக்க ஆள் இல்லை. டெல்லி விடுதியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பேரத்துக்கும் இவர்களுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. ஆனால் கட்டணம் செலுத்தியவர்கள் இவர்களே.

இடைத்தேர்தல் வந்தபோதாவது மாண்போடு வந்ததா? 2019 ஏப்ரல் 16ஆம் நாள் இரவு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டியில் ஒரு கட்டடத்தில் வருமானவரித் துறையினர் சோதனையிட்டனர். எதிர்ப்புக் கிளம்பிற்று, காவலர்கள் வானை நோக்கித் துப்பாக்கியால் சுட்டனர். 1 கோடியே 48 இலட்சம் ரூபாய் கைப்பற்றப்பட்டது. அதே நாளில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தாயிற்று. 1984இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே எம்.ஜி.ஆர். வென்ற தொகுதி இந்த ஆண்டிபட்டி. வேட்பாளர் ஊருக்குள் கால்வைக்காமலேயே மக்கள் வாக்களித்த மண்ணில், வாக்குக்கு முன்னே துப்பாக்கி ஒலி கேட்ட நிலை! நாம் எங்கே வந்து நிற்கிறோம்?

சிறையும் அரசியலும் நமக்குப் புதியன அல்ல என்று சிலர் கூறக்கூடும். உண்மை. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரனார் கைதானார். 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில் அண்ணா வேலூர்ச் சிறை புகுந்தார். 1965இல் மொழிப்போரின்போது கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 2002 ஜூலையில் பொடா சட்டத்தின்கீழ் கைதான வைகோ 19 மாதங்கள் சிறையில் இருந்தார். இவர்கள் எல்லோரும் எதற்காகச் சென்றார்கள் என்பது ஊரறிந்தது. கருத்துக்காகச் சென்றார்கள், மறைக்காமல் சென்றார்கள். பேசினேன் என்றனர், மீறினேன் என்றனர். செய்யவில்லை என்று மறுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. பணம் கொடுத்தார் என்றோ வாங்கினார் என்றோ சாற்றப்படும் வழக்கு வேறு இனம். அங்கே குற்றம் சாட்டப்பட்டவரே மறுக்கிறார். மறுக்கும் ஒருவரின் வழக்கில் உண்மையைக் கண்டறிய நீதிமன்றம் ஒன்றே வழி. அந்தச் சிறைக்கும் இந்தச் சிறைக்கும் ஒரே மாலையைச் சூட்டுவது, முன்னவர்க்கு இழைக்கும் இழிவு.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. வ.உ.சி. கைதான நான்கு மாதத்துக்குள், 1908 ஜூலை 7இல் வெள்ளையரின் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அநீதியான தீர்ப்புத்தான், ஆனாலும் தீர்ப்பு! 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர்க் கலவரத்தை ஒட்டி, இம்மானுவேல் சேகரன் கொலை வழக்கில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கைது செய்யப்பட்டார். நாட்டையே உலுக்கிய வழக்கு. 1959 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த வழக்கின் தன்மையைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துடையோர் உண்டு. நாம் சுட்டுவது காலக்கணக்கை மட்டுமே. தட்டச்சுப் பொறியும் தபால் உறையும் இருந்த அந்நாளில், கொலை வழக்கு 16 மாதங்களுக்குள் தீர்ப்பைக் கண்டது. கணிப்பொறியும் காணொளி விசாரணையும் வந்த இந்நாளில், 2017 ஏப்ரலில் கைது நடந்த கையூட்டு வழக்கில் 2018ஆம் ஆண்டின் இறுதியில்தான் குற்றச்சாட்டுகள் வனையப்பட்டன. 2024இல் அவர் தேனியில் வேட்பாளராக நின்றபோதும் தீர்ப்பு வந்திருக்கவில்லை. ஏழு ஆண்டுகள்! ஒரு நாடாளுமன்றத்தின் ஆயுளைவிட நீண்ட காலம்.

2024 தேர்தலுக்கு வருவோம். 2018 மார்ச்சில் அ.ம.மு.க.வைத் தொடங்கிய தினகரன், கால் நூற்றாண்டுக்கு முன் தமக்கு முதல் வெற்றி தந்த மண்ணுக்கே திரும்பி வந்தார். தொகுதி மறுவரையறையால் பெரியகுளம் தேனியாகியிருந்தது. எதிரே தி.மு.க. வேட்பாளராக நின்றவர் யார்? அன்று அவருக்காகப் பதவியை இழந்த அதே தங்க தமிழ்ச்செல்வன்! 2019இல் தினகரனின் கட்சிக்காக இதே தேனியில் நின்று, பன்னீர்செல்வத்தின் மகன் இரவீந்திரநாத்திடம் தோற்றவர். முடிவு என்ன? தங்க தமிழ்ச்செல்வன் 2,78,825 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். குக்கர் இரண்டாம் இடம் பெற்றது. இரட்டை இலை மூன்றாம் இடத்துக்குப் போனது.

இதையும் வழக்கின் தீர்ப்பு என்று கொள்ளலாமா? கூடாது. வடசென்னை மக்கள் 2017இல் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்யவில்லை. தேனி மக்கள் 2024இல் அவரைக் குற்றவாளி என்று தண்டிக்கவும் இல்லை. இரு தொகுதி மக்களும் தத்தமக்குச் சரியென்று பட்டதைச் செய்தனர். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2017இல் அவரைக் கைது செய்த டெல்லிக் காவல்துறை மத்திய உள்துறையின் கீழ் இயங்குவது. 2024இல் அவர் நின்றது, அதே மத்திய ஆட்சியை நடத்தும் கட்சி தலைமையேற்ற கூட்டணியில். அன்று கைது செய்தது நியாயம் என்றால், வழக்கு முடியுமுன் மேடையில் பக்கத்து நாற்காலி தந்தது எப்படி? பக்கத்து நாற்காலிக்கு அவர் தகுதியானவர் என்றால், அன்று 37 நாள் சிறைவாசம் எதற்கு? இரண்டில் ஒன்றுக்காவது நாட்டு மக்களுக்கு விடை கிடைத்திருக்க வேண்டாமா?

தேனியில் அவர் வாக்கு வேட்டையாடிய அதே நாட்களில், டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால் திகார் சிறையில் இருந்தார். 2024 மார்ச்சு 21இல், தேர்தல் அறிவிப்பு வந்தபின், அவர் கைது செய்யப்பட்டார். பிரசாரத்துக்காக உச்ச நீதிமன்றம் மே 10இல் இடைக்காலப் பிணை கொடுத்தது. அதற்குள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவே முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜார்க்கண்டு முதல்வர் ஹேமந்த் சோரன் அந்த ஆண்டு ஜனவரி 31இல் கைதாகி, ஜூன் இறுதியில் பிணையில் வந்து, நவம்பர்த் தேர்தலில் வென்றார். கெஜ்ரிவால் 2025 பிப்ரவரித் தேர்தலில் தோற்றார். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார். தேர்தல் முடிந்தபோது இருவர் வழக்கிலும் இறுதித் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கவில்லை. சிறை வாயில் எங்கே திறக்கிறது, வெற்றிக்கா வீழ்ச்சிக்கா என்று எவராலும் கணிக்க முடியாத சூதாட்டமாக இது ஆகிவிட்டது. சூதாட்டத்தில் பகடையை உருட்டுவது ஆட்சிப்பீடத்தில் இருப்போரின் கை. பணயமாக வைக்கப்படுவது மக்களின் வாக்கு.

நமது சட்டத்தின் முரண்பாட்டையும் பாருங்கள். தடுப்புக் காவலில் உள்ளோர் நீங்கலாக, சிறையில் இருப்பவர் வாக்களிக்க இயலாது. ஆனால் வேட்பாளராக நிற்கலாம்! காவலில் இருப்போர் போட்டியிட முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, நாடாளுமன்றம் விரைந்து கூடி அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. போட்டியிடும் உரிமையைக் காப்பதில் நாம் குறை காணவில்லை. பிடித்து அடைத்துவிட்டால் போட்டியிடவே முடியாது என்றால், ஆட்சியாளர்க்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே வந்துவிடும். ஆனால், தம் உரிமையைக் காக்கச் சில வாரங்களில் சட்டம் செய்ய முடிந்தவர்களுக்கு, வழக்குகளை விரைந்து முடிக்க வழி செய்ய மட்டும் நேரம் வாய்க்கவில்லை. குறிப்பிட்ட குற்றங்களில் சிக்கிய நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் வழக்குகளைக் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் முடிக்கவேண்டும் என்று 2014 மார்ச்சு 10இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2017இல் தனி நீதிமன்றங்கள் அமைக்க வழி செய்தது. ஆணை ஏட்டில் இருக்கிறது. வழக்கு கட்டில் இருக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லி, 2025 ஆகஸ்டு 20இல் மத்திய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. 130ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் ஓர் அமைச்சரோ முதல்வரோ பிரதமரோ தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பதவி போய்விடும் என்பது அதன் சாரம். அது கூட்டுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. கேட்பதற்கு இனிக்கிறது. சிறையிலிருந்தபடி கோப்பில் கையெழுத்திடும் கோலத்தை நாமும் விரும்பவில்லை. ஆனால், 30 நாள் கணக்கு எதன் கணக்கு? குற்றம் நிறுவப்பட்டதன் கணக்கா, பிணை மறுக்கப்பட்டதன் கணக்கா? தினகரன் 37 நாள் காவலில் இருந்தபின் வந்த முதற் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை என்பதை மேலே கண்டோம். இந்த அளவுகோல் அன்றே இருந்து, அவர் அமைச்சராகவும் இருந்திருந்தால், குற்றப்பத்திரிகையில் பெயர் ஏறுமுன்பே நாற்காலி போயிருக்கும்! தீர்ப்பை விரைவாக்க வேண்டியவர்கள், கைதுக்கே தீர்ப்பின் வலிமையைத் தர முனைந்தனர். புண்ணுக்கு மருந்திட மறந்து, கத்தியைக் கூராக்கும் வேலை இது.

நாம் வேண்டுவது மிக எளியது. அரசியல்வாதி எவர்மீதும், ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், வழக்குத் தொடரட்டும்; கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. தேர்தலுக்கு விலை பேசியவர் எவராயினும் அவர் மக்களாட்சியின் வேரில் வெந்நீர் ஊற்றியவர், தண்டனைக்குரியவர். ஆனால், கைது செய்தோர் கைது செய்த வேகத்திலேயே குற்றப்பத்திரிகை தரட்டும். உச்ச நீதிமன்றம் உறுப்பினர்களுக்கென வகுத்த அந்த ஓராண்டு எல்லை, வேட்பாளராக நிற்பவர்க்கும் பொருந்தட்டும். தீர்ப்பு தாமதமானால் காரணத்தை வழக்கு நடத்தும் அரசு வெளிப்படையாகச் சொல்லட்டும். உறுப்பினர் தகுதியிழந்து தொகுதி காலியானால், வழக்கைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதை அநாதையாக விடாமல், அத்தகைய வழக்கை நாள்தோறும் விசாரித்து 6 மாதத்துக்குள் முடிக்கட்டும். இவற்றில் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் வேலை அல்ல.

வாக்காளப் பெருமக்களிடம் ஒன்று கூறுவோம். மேடை ஏறி வருகிறவர், நான் சிறை சென்றேன் என்று மார்தட்டினால், எதற்காக என்று கேளுங்கள். எதிரி மேடை ஏறி, அவர் சிறை சென்றவர் என்று கைநீட்டினால், தீர்ப்பு எங்கே என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் விடை வந்தபின், மூன்றாவதாக உங்கள் கேள்வியைக் கேளுங்கள். பெரியாற்றுத் தண்ணீரின் உரிமைக்கு மன்றத்தில் எத்தனை முறை எழுந்து நிற்பீர்? போடி மலையின் ஏலக்காய்க்கும் கம்பத்துத் திராட்சைக்கும் விலை வீழும்போது என்ன செய்வீர்? 2010ஆம் ஆண்டு இறுதியில் நின்ற மதுரை – போடி இரயில் 2023 ஜூனில்தான் மீண்டும் போடியை எட்டியதே, அந்தப் பன்னிரண்டு ஆண்டும் எங்கே இருந்தீர்?

இந்த மூன்றாம் கேள்வியைக் கேட்கவிடாமல் தடுப்பதற்குத்தான் கைதுகளும் விடுதலைகளும் திரைப்படம் போல் ஓட்டிக் காட்டப்படுகின்றன. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், விரைந்து சொல்லட்டும். நமக்காகப் பேசுவாரா மாட்டாரா என்பதைப் பள்ளத்தாக்கின் மக்கள் சொல்லட்டும். இரு மன்றங்களும் தத்தம் வேலையைச் செய்யத் தொடங்கும் நாளில், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி வருகிறவர் எவராயினும், சிறைக் கணக்கை வெளியே வைத்துவிட்டு, செய்த வேலையின் கணக்கோடுதான் ஊருக்குள் நுழைய வேண்டியிருக்கும்.